சோறு கட்டும் தாளுக்கும் சட்டம் உண்டு: உணவைத் தொடும் பொருள்கள் பற்றி அறிய வேண்டியவை

ஜோர்ஜ்டவுனில் ஏதாவது ஒரு நாசி கண்டார் கடையில், சோறு கட்டித் தரும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பழுப்பு நிறத் தாளில் சுடச்சுடச் சோறு விழுகிறது. அதன்மேல் எண்ணெய் மிதக்கும் குழம்பு. மீன் குழம்பு தனியாக வேண்டுமென்றால் ஒரு பிளாஸ்டிக் பை. தே தாரிக் இன்னொரு பையில், வாய் சுருட்டி ரப்பர் வளையம் மாட்டி. வீடு போய்ச் சேர்ந்து பிரித்துச் சாப்பிட அரை மணி நேரமாவது ஆகும். அந்த அரை மணி நேரம் உணவு எதோடு ஒட்டிக்கொண்டிருந்தது என்று நாம் கேட்பதில்லை.

உணவு கெட்டுப்போனால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். பையிலிருந்தோ பாத்திரத்திலிருந்தோ உணவுக்குள் இறங்கும் பொருளுக்குப் பெரும்பாலும் வாடையும் இல்லை, சுவையும் இல்லை. அதனால்தான் இதற்கென்று சட்டம் தேவைப்படுகிறது. அந்தச் சட்டம் எதுவரை நம்மைக் காக்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு வீட்டில் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இந்தக் கட்டுரை தொகுத்துத் தருகிறது. தோட்டப்புறங்களில் பழைய தோம்புகளையும் டின்களையும் வைத்திருக்கும் குடும்பங்கள் கடைசிப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். அங்கே நடக்கும் ஒரு சிறு தவறு உயிரையே வாங்கக்கூடியது.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் உணவுப் பாதுகாப்புக்கு அடிப்படை 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டம். அதன் கீழ் வந்தவை 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள். அந்த விதிமுறைகளின் ஆறாம் பகுதி முழுவதும் உணவைப் பொதியும் பொருள்களைப் பற்றியது. அதன் சாரம் இதுதான்:

ஒன்று, உணவுக்குள் நச்சுப் பொருளையோ உடலுக்குக் கேடு தரும் பொருளையோ இறக்கக்கூடிய எந்தப் பொதியிலும் உணவை விற்கக் கூடாது.

இரண்டு, உணவல்லாத பொருளுக்குப் பயன்பட்ட அல்லது அதற்கென்றே செய்யப்பட்ட பொதியில் உணவை அடைத்து விற்கக் கூடாது. பெயிண்ட் வாளி, சோப்புத் தூள் டப்பா, மருந்துத் தோம்பு எல்லாம் இதில் அடங்கும்.

மூன்று, சில பொதிகளை இரண்டாம் முறை பயன்படுத்தத் தடை. மாவுக்கும் சீனிக்கும் பழைய சாக்கு கூடாது. சமையல் எண்ணெயைப் பழைய போத்தலிலோ பழைய டின்னிலோ ஊற்றி விற்கக் கூடாது. மதுபானப் போத்தலில் வேறு உணவு கூடாது. பன்றியிறைச்சிப் பொருள்கள் வைத்த பொதியில் மற்ற உணவு கூடாது.

நான்கு, பீங்கான் பாத்திரங்களிலிருந்து காரீயமும் காட்மியமும் இறங்குவதற்கு வரம்பு உண்டு. பி.வி.சி. பொதிகளில் வினைல் குளோரைடு எஞ்சியிருப்பது கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

ஐந்து, 2012 மார்ச் 1 முதல், பிஸ்பினால் ஏ என்ற வேதிப்பொருள் கலந்த குழந்தைப் பால் போத்தல்களுக்குத் தடை. ஐரோப்பிய ஒன்றியம் இதே பொருளை உணவைத் தொடும் பெரும்பாலான பொருள்களிலிருந்தே விலக்கும் விதியை 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

உடலுக்குக் கேடு தரும் பொருள் கலந்த உணவைத் தயாரித்தாலோ விற்றாலோ, உணவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி 100,000 ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இதை அமல்படுத்துவது சுகாதார அமைச்சு. நமக்கு அருகில் இருப்பது மாவட்டச் சுகாதார அலுவலகம்.

இந்த விதிகள் எல்லாம் விற்பவருக்கானவை என்பதைக் கவனிக்க வேண்டும். கடைக்காரர் பழைய டின்னில் எண்ணெய் ஊற்றி விற்றால் குற்றம். அதையே நாம் வீட்டில் செய்தால் கேட்க எந்த அதிகாரியும் வரமாட்டார். சட்டம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது.

சூடு, எண்ணெய், புளிப்பு, நேரம்

ஒரு பொதி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. குளிர்ந்த தண்ணீருக்குச் சரியாக இருக்கும் பை, கொதிக்கும் ரசத்துக்குச் சரியாக இருக்காது. பொதியிலிருந்து உணவுக்குள் பொருள் இறங்குவதை நான்கு காரணங்கள் வேகப்படுத்துகின்றன: உணவின் சூடு, அதிலுள்ள எண்ணெய், அதன் புளிப்பு, தொட்டுக்கொண்டிருக்கும் நேரம். நம் சமையலில் நான்கும் சேர்ந்தே வருகின்றன. புளிக்குழம்பும் மீன் குழம்பும் சூடாகவும் எண்ணெயாகவும் புளிப்பாகவும் இருப்பவை. அவற்றைக் கட்டி எடுத்துப்போய் வைத்திருந்துதான் சாப்பிடுகிறோம்.

ஆய்வுக்கூடங்களும் இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகின்றன. பீங்கான் பாத்திரத்தைச் சோதிக்கும் அனைத்துலக முறையில், 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் ஊற்றி, சுமார் 22 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் விட்டுவிடுகிறார்கள். அதாவது ஏறக்குறைய நம் வீட்டுக் காடி. பிறகு அதில் எவ்வளவு காரீயமும் காட்மியமும் இறங்கியுள்ளன என்று அளக்கிறார்கள். ஊறுகாயை எந்தப் பாத்திரத்தில் மாதக்கணக்கில் வைக்கிறோம் என்பது ஏன் முக்கியம் என்று இதிலிருந்து புரியும்.

பிளாஸ்டிக் பை

கடைகளில் கிடைக்கும் மெல்லிய ஒளிபுகும் பைகள் பாலிஎதிலீன் அல்லது பாலிபுரோப்பிலீனால் ஆனவை. மெல்லிய வகைப் பாலிஎதிலீன் 105 முதல் 115 பாகையில் உருகிவிடும். அதற்கு முன்பே இளகத் தொடங்கும். பாலிபுரோப்பிலீன் 160 பாகை வரை தாங்கும். கொதிக்கும் தண்ணீர் 100 பாகை. பொரிக்கும் எண்ணெயோ 170, 180 பாகை.

எனவே, எண்ணெயிலிருந்து வடித்த கையோடு வடையையோ பீசாங் கோரெங்கையோ பிளாஸ்டிக் பையில் போடுவதுதான் மிக மோசமான பழக்கம். இரண்டு மூன்று நிமிடம் தட்டில் ஆறவிட்டுத் தாளில் கட்டச் சொல்லுங்கள். சூடான பானத்துக்கும் குழம்புக்கும் வீட்டிலிருந்து தூக்கோ எவர்சில்வர் பாத்திரமோ கொண்டுபோவதே நல்லது. வண்ணப் பைகளையும் கறுப்புப் பைகளையும் உணவு நேரடியாகத் தொடக் கூடாது. அவை பெரும்பாலும் உணவுக்கென்று செய்யப்பட்டவை அல்ல.

பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். பலர் இதைப் பாதுகாப்பு முத்திரை என்று நினைக்கிறார்கள். அது தவறு. எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே அது சொல்கிறது: 1 என்றால் பெட், 2 கெட்டிப் பாலிஎதிலீன், 3 பி.வி.சி., 4 மெல்லிய பாலிஎதிலீன், 5 பாலிபுரோப்பிலீன், 6 போலிஸ்திரின், 7 மற்றவை. பெயிண்ட் வாளியிலும் 5 இருக்கலாம், தயிர் டப்பாவிலும் 5 இருக்கலாம். உணவுக்கு ஏற்றது என்பதைக் காட்டுவது கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த குறி. மைக்ரோவேவில் வைக்கலாமா என்பதற்கு வேறு குறி. இரண்டையும் தேடிப் பாருங்கள்.

போலிஸ்திரின், மெலமைன்

பினாங்கில் இலவசப் பிளாஸ்டிக் பைக்கு எதிரான இயக்கம் 2009 ஜூலையில் வாரத்தில் ஒரு நாள் என்று தொடங்கி, 2011 ஜனவரி 1 முதல் எல்லா நாளும் என்று விரிந்தது. போலிஸ்திரின் பெட்டிகளும் அங்காடிக் கடைகளில் குறைந்தன. இவை சுற்றுச்சூழலுக்காக வந்த நடவடிக்கைகள். உடல்நலத்துக்கும் நன்மை உண்டு. போலிஸ்திரினின் மூலப்பொருளான ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018-இல் சேர்த்தது. கொதிக்கும் கறி மீயை அந்தப் பெட்டியில் ஊற்றி வாங்காமல் இருப்பதே நல்லது.

உணவகங்களில் மீ, சூப் பரிமாறும் வழுவழுப்பான கனமில்லாத கிண்ணங்கள் மெலமைனால் ஆனவை. மெலமைனும் பார்மால்டிஹைடும் சேர்ந்த பொருள் அது. தைவானின் காவ்சியுங் நகரில் 12 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. சூடான மீ சூப்பை மெலமைன் கிண்ணத்தில் சாப்பிட்டபோது அவர்களின் சிறுநீரில் வெளியேறிய மெலமைன் சராசரியாக 8.35 மைக்ரோகிராம். அதே சூப்பைப் பீங்கான் கிண்ணத்தில் சாப்பிட்டபோது 1.31 மைக்ரோகிராம். அளவு சிறியதுதான். ஆனாலும் பாத்திரத்தின் பொருள் உடலுக்குள் வருகிறது என்பதற்கு இது நேரடிச் சான்று. மெலமைன் தட்டில் ஆறிய உணவு வைக்கலாம். கொதிக்கும் சூப்பும் புளிக்குழம்பும் வேண்டாம், மைக்ரோவேவ் கூடவே கூடாது. கீறல் விழுந்து மங்கிப்போன தட்டுகளை மாற்றிவிடுங்கள்.

தாள் என்றால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை

பிளாஸ்டிக் போய்த் தாள் வந்ததும் பலருக்கு நிம்மதி. ஆனால் வெறும் தாள் குழம்பைத் தாங்காது. சோறு கட்டும் பழுப்புத் தாளின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. வழுவழுப்பான பக்கமே உணவைத் தொட வேண்டும். எண்ணெய் ஊறாத சில தாள்களில் பி.எஃப்.ஏ.எஸ். என்ற வேதிப்பொருள்களைச் சேர்ப்பார்கள். அவை இயற்கையில் சிதைவது மிக அரிது. டென்மார்க் 2020 ஜூலையிலிருந்தே உணவுத் தாள்களில் அவற்றைத் தடை செய்துவிட்டது.

பழைய பத்திரிகைத் தாள் இன்னொரு பிரச்சினை. பத்திரிகை மையில் தாது எண்ணெயும் நிறமிகளும் உள்ளன. எண்ணெய்ப் பலகாரம் பட்டதும் அவை கரைந்து உணவில் ஏறும். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த உணவுப் பொதி விதிமுறைகள், பத்திரிகைத் தாளில் உணவைக் கட்டவும் வைக்கவும் தடை விதித்தன. நாசி லெமாக் வாங்கும்போது உள்ளே வாழையிலை இருந்து, பத்திரிகைத் தாள் வெளியே மட்டும் இருந்தால் கவலை குறைவு. இலை கிழிந்தோ சிறியதாகவோ இருந்து சோறு தாளைத் தொட்டால், தொட்ட பகுதியை ஒதுக்கிவிடுங்கள். வடையின் எண்ணெயைப் பத்திரிகைத் தாளில் ஒற்றி எடுக்கும் வீட்டுப் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கம்பித் தட்டில் எண்ணெயை வடியவிட்டாலே போதும்.

அலுமினியம், பித்தளை, ஈயம்

புளியும் உப்பும் அலுமினியத்தைக் கரைக்கும். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு, விவசாய நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம் அலுமினியம் வரை ஏற்கலாம் என்று 2011-இல் வரையறுத்தது. அலுமினியச் சட்டியில் சமைப்பதை விட, சமைத்த புளிக்குழம்பை இரவெல்லாம் அதிலேயே வைப்பதுதான் தவறு. சமைத்ததும் எவர்சில்வருக்கோ கண்ணாடிக்கோ மாற்றுங்கள்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியே சமைக்க வேண்டும் என்பது நம் பாட்டிமார் காலத்து விதி. புளி பட்டால் பித்தளையிலிருந்து செம்பு இறங்கும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் வேறு உலோகம், நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. ரசம் வைக்கும் ஈயச் செம்பு வாங்கும்போது வெள்ளீயம்தானா என்று கேட்டு, நம்பகமான கடையில் மட்டும் வாங்குங்கள். இண்டாலியம் என்ற பெயரில் விற்கப்படும் சில இறக்குமதிச் சமையல் பாத்திரங்களிலிருந்து காரீயம் இறங்குவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. பெயரும் தயாரிப்பாளர் விவரமும் இல்லாத மலிவுப் பாத்திரங்களைச் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

தோட்டப்புறத்தில்: பழைய தோம்பில் தண்ணீர்

2013 ஜூலை 16 அன்று, இந்தியாவின் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் உள்ள கண்டமன் கிராமத் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் மதிய உணவு சாப்பிட்டார்கள். 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்ததை ஆய்வுக்கூடம் உறுதி செய்தது. பூச்சிக்கொல்லி இருந்த பாத்திரத்தில் எண்ணெயை ஊற்றி வைத்ததே காரணம் என்று விசாரணையில் கூறப்பட்டது. எண்ணெய் வழக்கம்போல் இல்லை என்று சமையல்காரர் சொல்லியும் கேட்கப்படவில்லை. பள்ளித் தலைமையாசிரியைக்கு 2016-இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

இது எங்கோ தொலைவில் நடந்தது என்று நாம் ஒதுக்க முடியாது. நம் தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் தமிழர்கள், குறிப்பாகத் தமிழ்ப் பெண்கள். அவர்கள் பட்ட பாதிப்பை, தெனாகனித்தா அமைப்பும் பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலையமைப்பும் 2002-இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டன. பலரைப் பாதித்த பாராகுவாட் களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. மற்ற மருந்துகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவை வந்த தோம்புகளும் உள்ளன.

மருந்துத் தோம்பு கெட்டியான நல்ல பிளாஸ்டிக். மூடியும் இறுக்கமாக இருக்கும். தண்ணீர் பிடிக்கவும் அரிசி கொட்டி வைக்கவும் கண்ணுக்கு ஏற்றதாகத் தெரியும். ஆனால் மருந்து பிளாஸ்டிக்கின் உள்ளேயே ஊறியிருக்கும். சோப்பு போட்டு எத்தனை முறை கழுவினாலும் மேலே இருப்பது போகும், உள்ளே ஊறியது பிறகு மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கும். மூன்று முறை அலசும் முறை, தோம்பைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்துவதற்காகச் சொல்லப்பட்டது. அலசிய பின் உணவுக்குப் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள் அல்ல. அலசியதும் அடியில் ஓட்டை போட்டுவிட வேண்டும். அப்போதுதான் வேறு யாரும் எடுத்துப்போய்த் தண்ணீர் பிடிக்க மாட்டார்கள்.

மலிவு விலைக்குக் கிடைக்கும் நீலத் தோம்புகளிலும் இதே கவனம் தேவை. முன்பு அதில் என்ன இருந்தது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால், மழைத் தண்ணீர் பிடித்துச் செடிக்கு ஊற்றக்கூட யோசிக்க வேண்டும். சமையலுக்கும் குடிக்கவும் கூடவே கூடாது.

இதன் மறுபக்கமும் ஆபத்தானதே. களைக்கொல்லி, மண்ணெண்ணெய், குளோரக்ஸ் போன்றவற்றைப் பழைய பானப் போத்தலில் ஊற்றி வைப்பது. வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்குப் போத்தலின் உருவம்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. மருந்து வந்த புட்டியிலேயே, ஒட்டிய சீட்டோடு, பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். மருந்துப் புட்டியை, முடியாவிட்டால் அதன் சீட்டின் படத்தையாவது, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தேசிய நச்சு மையம் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே இயங்குகிறது.

அன்னதானம் செய்வோர் கவனத்துக்கு

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் பந்தல் போடுவோரும், கோவில்களில் அன்னதானம் செய்வோரும் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோருக்கு உணவு தருகிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பாயசத்தையும் சுக்குக் காப்பியையும் மெல்லிய பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றாமல், சற்று ஆறவிட்டோ எவர்சில்வர் டம்ளரிலோ கொடுக்கலாம். சோற்றுக்கு வாழையிலையை விடச் சிறந்தது இல்லை. குழம்பு கரைக்கப் புது வாளி வாங்கும்போது உணவுக் குறி உள்ளதா என்று பாருங்கள். பெயிண்ட் வாளி எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் சாம்பாருக்கு ஆகாது.

வீட்டில் நினைவில் வைக்க வேண்டியவை

• கட்டி வாங்கிய உணவை வீடு வந்ததும் தட்டுக்கோ கிண்ணத்துக்கோ மாற்றுங்கள்.
• பையோடும் பொட்டலத்தோடும் சுட வைக்காதீர்கள்.
• ஐஸ்கிரீம் டப்பா, மார்ஜரின் டப்பா ஆகியவை குளிர்ந்த உணவுக்கே. சூடான குழம்புக்கு அல்ல.
• தண்ணீர் போத்தலை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டு வராதீர்கள்.
• ஊறுகாய், புளிக்கரைசல், காடி ஆகியவற்றுக்குக் கண்ணாடிச் சாடி.
• கீறல், வெடிப்பு, நிறம் மாறிய பாத்திரங்களைக் கழித்துவிடுங்கள்.
• உணவல்லாதது ஒருமுறை புகுந்த பாத்திரம் மறுபடி உணவுக்கு வரக் கூடாது.

புகார் எங்கே?

பழைய டின்னில் எண்ணெய் விற்பது, பொதியில் ரசாயன வாடை அடிப்பது போன்றவற்றைக் கண்டால், பொருளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ரசீதும் படமும் எடுத்துக்கொண்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் செய்யலாம். அங்காடிக் கடை என்றால் ஊராட்சி மன்றத்துக்கும் தெரிவிக்கலாம். மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் நீண்ட காலம் தலைமை வகித்த பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் ஜோர்ஜ்டவுனில்தான் உள்ளது. அங்கே தமிழிலேயே பேசி விவரம் சொல்லலாம்.

கடையில் நடப்பதைப் பார்க்க அதிகாரிகள் இருக்கிறார்கள். வீட்டுக் கொல்லையில் கிடக்கும் தோம்பைப் பார்க்க நம்மைத் தவிர யாரும் இல்லை. இன்றே ஒருமுறை பின்பக்கம் போய்ப் பாருங்கள். முன்பு அதில் என்ன இருந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாவிட்டால், அதில் இருக்கும் தண்ணீரை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.